நடுங்காத கை

அமெரிக்காவின் ஜனாதிபதியாக இருந்த ஒருவரின் நாடியில் காய்ந்துபோயிருந்த முட்டை மஞ்சள்கருவை நான் துடைத்திருக்கிறேன். சிட்னியில் இதைச் சொன்னால் இப்போது பலர் நம்புவதில்லை. நம்புகிறவர்களும் அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்பதில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. குளிர்காலம் தொடங்கியிருந்தது. சிட்னியின் மேற்கே மெரிலேண்ட்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராக நான் வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. செங்கல் கட்டடம். முன்னால் ஒட்ட வெட்டிவிட்ட ரோஜாச் செடிகள். உள்ளே எந்த நேரமும் அவித்த கோவா இலையும் கிருமிநாசினியும் கலந்த மணம். வீட்டுக்குப் போய்த் தலைமுழுகினாலும் அது என் கூந்தலை விட்டுப் போகாது.

காலைச் சாப்பாடு முடிகிற நேரம். முதல் நாள்தான் வந்து சேர்ந்திருந்த ஓர் அம்மையாரை யன்னலோரம், வெயில் விழும் கதிரையில் இருத்தியிருந்தார்கள். பாரிசவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. வலது கை மடியில் அப்படியே கிடந்தது. இடது கையால் முட்டையைச் சாப்பிட முயன்றிருக்கிறார். பாதி வாயில், பாதி நாடியில்.

இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணியை நனைத்து நாடியில் வைத்து ஊறவிட்டேன். அவர் முகத்தை உயர்த்திக் காட்டினார். அப்போதுதான் இடது புருவத்தைக் கவனித்தேன். ஒரு பழைய தழும்பு அதை நடுவால் இரண்டாகப் பிரித்திருந்தது.

அந்தப் புருவத்தைப் பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்குத் தெரியும்.

என் கை நின்றுவிட்டது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயின் ஒரு பக்கத்தால்தான் பேசினார், ஆனாலும் சொற்கள் தெளிவாக வந்தன.

“தெரிந்துவிட்டதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஓம்” என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு தலையாட்டினேன்.

“சரி. மற்றப் பக்கத்தையும் துடைத்துவிடு” என்றார்.

ஹேசல் டிரமண்ட்

இன்றைய பிள்ளைகளுக்கு அவருடைய பெயர் தெரியாது. ஆகவே கொஞ்சம் பின்னே போக வேண்டியிருக்கிறது.

ஹேசல் டிரமண்ட், கோதுமை விளையும் ஒரு மாநிலத்தில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். செனட்டராக இருந்த கணவர் இறந்ததும் அந்த இடத்தில் இவரை நிறுத்தினார்கள். வென்றார். ஐம்பதுகளின் நடுவில் வந்த தேர்தலில் பெண்களின் வாக்குகளை நினைத்து இவரைத் துணை ஜனாதிபதி ஆக்கினார்கள். மேடையில் பூச்சாடி வைப்பதுபோல என்று அந்த நாளைய பத்திரிகைகளே பகிடி பண்ணின. வென்ற அடுத்த குளிர்காலத்தில், காலைச் சாப்பாட்டு மேசையில் ஜனாதிபதி மாரடைப்பால் சரிந்தார். அன்று மத்தியானமே பூச்சாடி ஜனாதிபதியாகிவிட்டது.

உலகம் முழுவதும் அதுதான் பேச்சு. இலங்கையில் எங்கள் தமிழ்ப் பத்திரிகைகள் ஒரு நாள் ‘ஜனாதிபதி’ என்றும் அடுத்த நாள் ‘ஜனாதிபதி அம்மையார்’ என்றும் எழுதித் தடுமாறின. அந்தச் சொல்லுக்கு அதுவரை பெண்பால் தேவைப்பட்டிருக்கவில்லை.

அப்பா மானிப்பாய்த் தபால் கந்தோரில் எழுதுவினைஞர். ஆங்கிலப் பத்திரிகையை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். முன்பக்கம் முழுவதும் அந்தப் படம். மழைக் கோட்டோடு ஒரு பெண், வலது கையை உயர்த்திச் சத்தியப் பிரமாணம் எடுக்கிறார். புருவத்தில் தழும்பு. அம்மா குசினியிலிருந்து ஈரக் கையோடு வந்து, தாளில் தண்ணீர் படாமல் எட்ட நின்று பார்த்தார்.

அப்பா என்னைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: “இனி இவளைப் படிப்பிக்காமல் விடேலாது.”

அதுவரை எங்கள் வீட்டுத் திட்டம் வேறு. அக்காவைப் பத்தாம் வகுப்போடு மறித்தாயிற்று. அடுத்தது நான். அந்த ஒரு படம் என்னை மட்டும் தப்ப வைத்தது. அன்று எல்லோரும் எழும்பிப் போன பிறகும் அக்கா மேசையருகே நின்று அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய்த் தேங்காய் துருவினாள்.

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அரசியல் விஞ்ஞானம் படித்தேன்.

துறைமுக நகரம்

அவர் பதவிக்கு வந்த அடுத்த வருடமோ அதற்கும் அடுத்த வருடமோ, சரியாக ஞாபகம் இல்லை. கிழக்காசியாவில் ஒரு போர் இழுபட்டுக்கொண்டிருந்தது. அங்கே கடலோரம் ஒரு துறைமுக நகரம். எதிரியின் படைக்கலங்கள் எல்லாம் அங்கேதான் வந்து இறங்குகின்றன என்றார்கள். மிஸஸ் டிரமண்ட் கட்டளை கொடுத்தார். நகரம் நாட்கணக்கில் எரிந்தது.

முதல் கிழமை பாராட்டு மழை. ஆண்களுக்கு எள்ளளவும் சளைத்தவர் அல்ல என்று எழுதினார்கள். பிறகு படங்கள் வந்தன. எரிந்த பள்ளிக்கூடம், எரிந்த சந்தை. அதே பத்திரிகைகள் அதே முன்பக்கத்தில், ஒரு தாயால் எப்படி முடிந்தது என்று கேட்டன. போர் நிற்கவில்லை. அடுத்த தேர்தலில் அவருடைய கட்சியே அவரைக் கைவிட்டது. பின்னால் வந்த ஆண்கள் அந்தப் போரை இன்னும் பல வருடம் நடத்தினார்கள். இன்னும் பல நகரங்கள் எரிந்தன. அவற்றின் பெயர்களோடு யாருடைய பெயரும் ஒட்டவில்லை.

அப்பா அன்று பத்திரிகையைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். “ஆம்பிளை எண்டாலும் உதைத்தான் செய்திருப்பான்” என்றார். அந்த வசனத்தை நான் பல வருடம் பிடித்துக்கொண்டு திரிந்தேன். பல்கலைக்கழக விடுதியில் யாராவது மிஸஸ் டிரமண்டைக் கிண்டல் பண்ணினால் அதைத்தான் எடுத்து வீசுவேன்.

பிறகு எங்கள் நாட்டிலும் ஒரு பெண் தலைமைக்கு வந்தார். அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக நாங்கள்தான் என்று விடுதியில் இனிப்புக் கொடுத்தோம். நானும் கொடுத்தேன். எழுபதுகளில் அவருடைய ஆட்சியில், தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்கும் தரப்படுத்தல் வந்தபோது என் தம்பி, எங்கள் குடும்பத்திலேயே கெட்டிக்காரன், பல்கலைக்கழக வாசல் மிதிக்க முடியாமல் வீட்டு விறாந்தையில் இருந்தான். புள்ளி இருந்தது, இடம் இல்லை. யாரைக் கோபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பெண் வந்தால் நல்லது நடக்கும் என்று எனக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அப்படி ஒரு நம்பிக்கையை நானாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பாரம் தூக்க முடியுமா?

எங்கள் நிறத்துக்கும் கதவு திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் நாங்கள் சிட்னிக்கு வந்தோம். என் கணவர் நடேசனுக்கு ரயில்வேயில் வரைபடம் வரையும் வேலை கிடைத்தது. வென்ட்வேர்த்வில்லில் ஒரு சிறிய வாடகை வீடு. இப்போது அந்த ஸ்டேஷனில் இறங்கினால் தோசை மணக்கிறது. அப்போது ஒரு பிடி கறிவேப்பிலைக்கு நகரத்தின் மறுகோடிக்குப் போகவேண்டும், போனாலும் இருக்காது.

எனக்கு வேலை தேடித் தரவிருந்த அதிகாரி என் பட்டச் சான்றிதழை மரியாதையாகத்தான் பார்த்தார். பேராதனை எங்கே இருக்கிறது என்று கேட்டார். பிறகு, பாரம் தூக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். மெரிலேண்ட்ஸில் கிழவர்களைத் தூக்கி இருத்தவும் படுக்க வைக்கவும் ஆள் தேவைப்பட்டது.

எங்கள் மகள் கௌரிக்கு அப்போது எட்டு வயது. நாங்கள் தமிழில் கேட்பதற்கு அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

முட்டை துடைத்த அன்று வீட்டுக்கு வந்து நடேசனிடம் சொன்னேன்.

“எந்த டிரமண்ட்? அந்தக் குண்டு போட்டவவே?” என்றார்.

ஓம் என்றேன்.

யன்னலோரக் கதிரை

மிஸஸ் டிரமண்ட் சிட்னிக்கு வந்ததற்குக் காரணம் அவருடைய மகள் ஜூன். படிக்கிற காலத்தில் ஓர் ஆஸ்திரேலியரைச் சந்தித்துக் கலியாணம் முடித்துக்கொண்டு இங்கே வந்தவர். கணவருக்குப் பரமட்டாவில் கம்பளக் கடை. சொந்த ஊரில் கடைத்தெருவுக்குப் போகவே முடியாமல் போனபோது தாயும் இங்கே வந்துவிட்டார். பாரிசவாதம் வந்த பிறகு ஜூனால் வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை. தொடக்கத்தில் அமெரிக்காக்காரர் ஒருவர் பாதுகாப்புக்கு வந்து கார் நிறுத்துமிடத்தில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நாளில் அவரும் வராமல் விட்டார்.

இல்லத்தின் தலைமைத் தாதியான மேட்ரன் எங்களைக் கூப்பிட்டு, அவரைப் பற்றி வெளியே கதைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். தேவையே இருக்கவில்லை. கேட்பதற்கு யாரும் வரவில்லை. சாப்பாட்டறையில் மட்டும் ஒரு வயோதிபர், அவருடைய மகன் பிந்திய வருடங்களில் அந்தப் போருக்குப் போய்த் திரும்பாதவன், மிஸஸ் டிரமண்டைக் கொண்டுவந்து இருத்தியதும் தன் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். மிஸஸ் டிரமண்ட் அந்த மகனை அனுப்பியவர் அல்ல, அனுப்பியவர்கள் வேறு ஆட்கள் என்று நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். வயோதிபர் கேட்டும் கேளாததுபோல இருந்தார்.

ஜூன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். கேக் கொண்டுவருவார். தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ரோஜாச் செடிகளைப் பார்ப்பார்கள். ஒரு பூ இருக்காது. போகும்போது ஜூன் தாயின் நெற்றியில் முத்தம் கொடுப்பார், அலுவலகத்தில் முத்திரை குத்துவதுபோல.

ஒரு பின்னேரம் அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். வழங்காத வலது கையில் நகம் ஏனோ வேகமாக வளர்ந்தது. அந்தக் கையை என் மடியில் எடுத்து வைத்திருந்தேன். பாரமாக, குளிர்ந்துபோய் இருந்தது. அவர் நல்ல மனநிலையில் இருந்ததுபோலத் தெரிந்தது. பல நாட்களாக நெஞ்சுக்குள் கிடந்ததை அப்போது சொன்னேன். இலங்கையில் எங்கள் வீட்டு மேசையில் அவருடைய படத்தை விரித்துப் பார்த்ததை, மழைக் கோட்டோடு அவர் நின்றதை.

“அந்தக் கோட்டு என்னுடையது அல்ல” என்றார். “வீட்டு வேலைக்காரியுடையது. என்னுடையதைத் தேட நேரம் இருக்கவில்லை.”

அந்தப் படத்தால்தான் என் அப்பா என்னைப் படிக்க விட்டார் என்று சொன்னேன். என்ன படித்தாய் என்று கேட்டார். அரசியல் விஞ்ஞானம் என்றேன். என் கையிலிருந்த நகவெட்டியைப் பார்த்தார். பரிதாபமாக ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை. அதற்கு இன்றும் நன்றி.

இனி இப்படி ஒரு நேரம் வாய்க்காது என்று எனக்குப் பட்டது.

“ஏன் அதைச் செய்தீர்கள்?” என்று கேட்டேன்.

எதை என்று அவர் கேட்கவில்லை. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். விட்டுவிட்டுத்தான் சொன்னார். எச்சில் வழிய, நான் துடைக்கத் துடைக்கச் சொன்னார்.

“அறை நிறைய ஆண்கள். வரைபடம் மேசையில் கிடந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேனையைப் பிடிக்கும்போது நடுங்குகிறதா என்று.”

“நடுங்கினதா?”

“இல்லை. அன்று முழுவதும் எனக்கு அது பெருமையாக இருந்தது.”

நான் நகம் வெட்டுவதை நிறுத்தியிருந்தேன். அவர் சொல்லிக்கொண்டு போனார்.

“எனக்கு முன் இருந்தவர் என்றால், இன்னும் ஒரு கிழமை பொறுத்துப் பார்ப்போம் என்றிருப்பார். அவர் சொன்னால் அது நிதானம். நான் சொன்னால் பயம். பொறுக்கத்தான் வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.”

பிறகு வெயில் கண்ணில் படுகிறது என்றார். எழுந்து திரையை இழுத்துவிட்டேன்.

நான் எதிர்பார்த்த பதில் அது அல்ல. தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்வார் என்றோ, தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்வார் என்றோ அவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அழுவார் என்றுகூட நினைத்திருந்தேன். அவர் அழவில்லை. என் அப்பாவின் வசனமும் அன்றோடு பொய்யாகிப் போனது. ஆண் என்றால் ஒருவேளை செய்திருக்க மாட்டான்.

பஸ்ஸுக்காக நிற்கும்போது அந்த நகரத்தை நினைத்தேன். அங்கேயும் என் வயதுப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர்களுடைய வீட்டு மேசைகளிலும் அந்தப் படத்தை விரித்திருப்பார்கள். இனி இவளைப் படிப்பிக்காமல் விட முடியாது என்று அங்கேயும் ஒரு தகப்பன் சொல்லியிருப்பார். பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. அது போன பிறகுதான் அது என்னுடைய பஸ் என்று தெரிந்தது.

வீட்டுக்குப் பிந்தித்தான் போனேன். நடேசன் கௌரியின் சப்பாத்துக்கு மை பூசிக்கொண்டிருந்தார்.

“ஏன் உமக்கு முகம் இப்பிடி இருக்கு?” என்று கேட்டார்.

சொன்னேன். முழுவதையும் கேட்டார். சப்பாத்தைக் கீழே வைத்தார்.

“ஆம்பிளையள் செய்யிறதைச் செய்தாத்தான் அந்தக் கதிரையில இருக்க விடுவாங்கள்” என்றார். “செய்த பிறகும் இருக்க விடமாட்டாங்கள்.”

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார்.

அடுத்த நாளும் நான் வேலைக்குப் போனேன். மிஸஸ் டிரமண்டுக்குக் கஞ்சி தீற்றினேன், தலை வாரி இழுத்துவிட்டேன். அது அன்பு என்று சொல்ல முடியாது. வெறுப்பும் இல்லை. ஒரு வீட்டில் சாவு நடந்த பிறகும் பாத்திரங்களைக் கழுவுகிறோம் அல்லவா, அப்படி. அதன் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஒரு சிறிய செய்தி

குளிர் முடிகிற நேரத்தில் அவர் இறந்தார். நான் அன்று விடுப்பில் நின்றேன். மறுநாள் காலையில் போனபோது படுக்கை விரிப்பை உரித்திருந்தார்கள். மெத்தையை வெளியே வெயிலில் நிறுத்தியிருந்தார்கள்.

ரூக்வுட் மயானத்தில் தகனம். மேட்ரனும் நானும் ஜூனும் ஜூனின் கணவரும் போனோம். தூதரகத்திலிருந்து ஓர் இளம் மனிதர் பெரிய மலர்வளையத்தோடு வந்தார். அதைச் சாத்திவிட்டு, பெட்டி உள்ளே போவதற்கு முன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். பாதிரியார் மிஸஸ் டிரமண்டை நல்ல தாய் என்றும் நல்ல மனைவி என்றும் சொன்னார். மூன்றாவதாக அவர் ஒரு பதவியும் வகித்தார் என்பதைச் சொல்லவே இல்லை.

வெளியே வந்ததும் ஜூன் என்னிடம், அம்மா கடைசி நாட்களில் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார்.

இல்லை என்றேன். ஜூன் தலையாட்டினார். அது அவருக்கு ஆறுதலாக இருந்ததுபோலத் தெரிந்தது.

பத்திரிகையில் உள்பக்கத்தில், மோட்டார் வாகன விளம்பரத்துக்குக் கீழே ஒரு சிறிய செய்தி. ‘குண்டு போட்ட பெண்மணி மறைந்தார்.’ குண்டு போட்ட ஆண்கள் பலருடைய மரணச் செய்திகளை அதற்கு முன்னும் பின்னும் வாசித்திருக்கிறேன். அவர்களை ராஜதந்திரிகள் என்றுதான் எழுதினார்கள்.

கை உயர்த்தியது

ஒரு மாதம் போயிருக்கும். கௌரியின் வகுப்பில் தலைவர் தேர்தல் வந்தது. தானும் நிற்கப் போவதாக அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். வகுப்பில் முன்னால் வந்து நிற்கவேண்டும், பிள்ளைகள் கை உயர்த்துவார்கள், ஆசிரியை எண்ணுவார், அவ்வளவுதான். காலையில் நான் அவளுடைய சட்டையை இரண்டாம் தடவையும் அழுத்திக் கொடுத்தேன். முன்னால் நின்று என்ன சொல்லவேண்டும் என்று கண்ணாடிக்கு முன் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

பின்னேரம் பையைக் குசினி வாசலில் போட்டுவிட்டு வந்து கதிரையில் இருந்தாள். என்ன நடந்தது என்று கேட்டேன்.

“நான் நிக்கேல்லை” என்றாள்.

“ஏன்?”

“பீட்டர் சொன்னவன், அமெரிக்காவில ஒருக்கா லேடியை ட்ரை பண்ணிப் பார்த்தவையாம். சரிவரேல்லையாம்.”

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், மழை வந்ததால் விளையாட்டு இல்லை என்று சொல்வதுபோல.

“ரீச்சர் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“சிரிச்சவ.”

நான் அவளுக்கு எதிரே இருந்தேன். அரசியல் விஞ்ஞானம் படித்தவள் நான். அந்தப் பெண்ணின் வாயாலேயே கேட்டவள். எட்டு வயதுப் பிள்ளைக்கு விளங்கும்படி ஒரே ஒரு வசனம் தேடினேன். அவ நல்லவ என்று சொல்ல முடியவில்லை. அவ பிழை செய்யவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவ பிழை செய்தால் உனக்கென்ன என்று கேட்கலாம். அது எனக்கு அன்று வாயில் வரவில்லை. பல வருடம் கழித்துத்தான் வந்தது. அப்போது அவள் கேட்கும் வயதைத் தாண்டிவிட்டாள்.

“அப்ப நீ ஆருக்குக் கை உயர்த்தினனி?” என்று மட்டும் கேட்டேன்.

“பீட்டருக்கு” என்றாள். “பாண் இருக்கோ, அம்மா?”

இருந்தது. வெட்டி, ஜாம் பூசிக் கொடுத்தேன்.